ஒரு சாண் தண்ணீர்

அக்கா அன்று ஆலை வாசலுக்கே வந்துவிட்டாள். வெயிலில் குடைகூட இல்லாமல் வந்ததில் முகமெல்லாம் சிவந்திருந்தது. புகைபோக்கியிலிருந்து பொதிபொதியாகக் கிளம்பிய வெள்ளைப் புகையைக் காட்டி, "நீ உள்ள இருந்துமாடா என் பிள்ளை இப்படி இழுக்குது?" என்று கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள். அம்மா போனபிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். திட்டினால் வாங்கிக்கொள்வேன். இப்படிக் கேட்டுவிட்டுப் போனால் எனக்குச் சோறு இறங்காது.

அவள் மகள் குட்டிக்கு நான்கு வயது, பிறந்ததிலிருந்து இளைப்பு. ஆலைக்குப் பின்தெருவில் வீடு. வருஷம் முழுக்க ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருந்தார்கள்.

உலையிலிருந்து வரும் தூசுப்புகையைத் தண்ணீரால் கழுவி வெளியே விடும் ஸ்க்ரப்பர்தான் என் பொறுப்பு. ஒரு குறுகலான கழுத்து வழியாகப் புகை வேகமாகப் பாயும். அங்கே விடும் தண்ணீர் பொடிப்பொடியாகச் சிதறித் தூசியைப் பிடித்து, சேறாகக் கீழே இறக்கும். கழுத்துக்கு முன்னும் பின்னும் எவ்வளவு அழுத்தம் என்று காட்ட, கலர் தண்ணீர் ஊற்றிய வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்று உண்டு. அதன் இரண்டு பக்கத்துத் தண்ணீர் மட்டத்துக்கும் ஒரு சாண் வித்தியாசம் இருந்தால் தூசி நன்றாகப் பிடிபடுகிறது என்று அர்த்தம். ஃபோர்மேன் காலையில் எங்களிடம் வேறெதுவும் பேசமாட்டார், "சாண் இருக்கா?" என்பார். அவருக்கே சாண் என்று பெயர் வைத்துவிட்டோம். அது அவருக்கும் தெரியும், பாவம், கண்டுகொள்ளமாட்டார். அந்த மேடை எப்போதும் ஈரமாக, குளுகுளுவென்று இருக்கும். தண்ணீர் இரைச்சலில் கத்திக் கத்திப் பேசியே எங்கள் எல்லோருக்கும் குரல் பெரிதாகிவிட்டது. இன்றைக்கும் எங்காவது ஈரச்சுவரில் கை பட்டால் போதும், அந்த மேடையும் அந்த ஆட்களும் அப்படியே வந்து நிற்கிறார்கள். என்ன நாட்கள் அவை!

வெள்ளையாகப் போவது வெறும் நீராவி என்று அக்காவுக்கு எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். கண்ணால் பார்ப்பதை விட்டுவிட்டு உன் பேச்சைக் கேட்கவா என்றாள். ஃபோர்மேன் அந்த வாரம் விடுப்பில் இருந்தார். தண்ணீர் குறைந்தால் ஆவியும் குறையும் என்று நான் தண்ணீர் வால்வைப் பாதிக்கு மூடினேன். ஒரு மணி நேரத்துக்குள் வெள்ளை காணாமல் போனது. குழாயில் சாண் போய் நான்கு விரல் ஆனது. பதிவேட்டில் சாண் என்றே எழுதினேன். மற்ற ஷிப்ட்காரர்களும் நான் வைத்ததை அப்படியே விட்டுவிட்டார்கள். கொஞ்சநாள்தானே, அக்கா மனசு குளிரட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எனக்கென்ன, பெரிய விஞ்ஞானி என்று நினைப்பு.

நான்காம் நாள் அக்கா வீட்டுக்குப் போனேன். ஜன்னல்கள் எல்லாம் விரியத் திறந்து கிடந்தன. தெருவைப் பார்க்கட்டும் என்று குட்டியின் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருந்தாள். தம்பி புகையை நிறுத்திவிட்டான் என்று தெரு முழுக்கச் சொல்லியாயிற்றாம். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. நான் ஜன்னல் கட்டையில் விரலை ஓட்டினேன். விரல் நுனி தவிட்டு நிறமாகிவிட்டது. குட்டியின் நெஞ்சுக்குள் விசில் கேட்டது.

"அக்கா, ஜன்னலைச் சாத்து."

"ஏன்டா?"

"முன்னாடி வந்தது ஆவி. இப்பதான் கண்ணுக்குத் தெரியாம தூசி வருது. நான்தான் தண்ணியக் குறைச்சேன்."

அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திவிட்டு வந்து, குட்டியின் முகத்தை ஈரத்துணியால் துடைத்தாள்.

"உன்ன நம்பித்தானேடா தொறந்தேன்."

அன்று மாலையே வால்வை முழுதாகத் திறந்தேன். ஃபோர்மேன் வந்ததும் அவரிடமும் சொல்லிவிட்டேன். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தவர், அன்று "சாண் இருக்கா?" என்று என்னிடம் கேட்காமல் தானே போய்க் குழாயைப் பார்த்தார். அது இன்னும் வலித்தது. அக்கா பத்து நாள் என்னோடு பேசவில்லை.

பதினோராம் நாள் காலையில் மேடையிலிருந்து பின்தெருவைப் பார்த்தேன். வெள்ளை திரும்பிவிட்டது என்று ஜனம் கொதித்துப்போய்க் கூடியிருந்தது. யார் கையிலோ ஆலைக்கு எதிரான மனு. நடுவில் குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா நின்றாள். தம்பி நிறுத்திவிட்டான் என்று சொன்னவள் அவள்தானே, எல்லோரும் அவளையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் கையை உயர்த்தி இந்தப் பக்கம் காட்டி ஏதோ சொன்னாள். புகைபோக்கியைக் காட்டினாளா, என்னையா, தெரியவில்லை. தண்ணீர் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின. குட்டி மட்டும் என்னைக் கண்டுகொண்டு கையை ஆட்டினாள்.