இரண்டே கட்டங்கள்

ஊசி நிறுத்தப்படுகிறது என்ற கடிதத்தின் அடியில் இருந்தது டாக்டரம்மாவின் கையெழுத்துதான். அரசாங்க மருத்துவக் காப்பீட்டுக்கு அவர்தான் தலைவர் என்பதால் எல்லாக் கடிதத்திலும் அது அச்சாகி வந்துவிடும். அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து அவர் மேசையிலேயே வைத்தாள் தையல்காரி. படித்த வைத்தியம் மறந்துவிடக் கூடாதென்று டாக்டரம்மா சனிக்கிழமை காலையில் மட்டும் பழைய ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்ப்பார். தையல்காரியின் தசைகள் கொஞ்சங்கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருப்பதை இரண்டு வருஷத்துக்கு முன் கண்டுபிடித்தவரும் அவரே.

ஊசி அந்த நோயை நின்ற இடத்தில் நிறுத்தி வைத்திருந்தது. அதுவே பெரிய காரியம். ஆனால் படிவத்தில் ‘முன்னேற்றம் உண்டா?’ என்று ஒரு கேள்வி. உண்டு, இல்லை என இரண்டே கட்டங்கள். போன மாதம் டாக்டரம்மா நேர்மையாக ‘இல்லை’யில் டிக் அடித்தார். அவருடைய அலுவலகமே ஊசியை நிறுத்திவிட்டது. அந்தக் கேள்வியை எழுதிய புண்ணியவதி யார் என்கிறீர்கள்? சாட்சாத் அவரேதான். வீண்செலவைக் குறைக்கிறேன் பேர்வழி என்று ஒரே மத்தியானத்தில் எழுதி, கைதட்டலும் வாங்கினார். மோசமாகாமல் இருப்பதற்கு ஒரு கட்டம் வேண்டுமென்று அன்றைக்குத் தோன்றித் தொலைக்கவில்லை.

“படிவத்த மாத்திடலாம். குழு கூடணும், ஆறு மாசம் ஆகும்,” என்றார்.

“ஆறு மாசம் கழிச்சு இவ சோத்த இவளே எடுத்து வாய்ல வைப்பாளாம்மா?” என்று கேட்டாள் கூட வந்திருந்த அக்கா.

டாக்டரம்மாவுக்குத் தெரியும். போன பலம் திரும்பாது. முதலில் கை, அப்புறம் விழுங்குவது, கடைசியில் மூச்சு.

“அந்தப் பக்கத்துக் கட்டத்துல போட்டுடுங்களேன்,” என்றாள் அக்கா.

“பொய்யா எழுதிக் குடுத்தார்னு போன வாரம்தான் ஒரு டாக்டர வேலைய விட்டுத் தூக்கினேன்.”

“அவரு யாருக்காக எழுதினாரு?”

அதுவும் ஒரு நோயாளிக்காகத்தான் என்று டாக்டரம்மாவுக்கு நன்றாகவே நினைவிருந்தது. புதுப் படிவம் ஒன்றை எடுத்தார். நீட்டிய கைகளை எத்தனை வினாடி தாங்க முடிகிறது என்பதுதான் சோதனை. போன தடவை பதினொன்று. இன்று பன்னிரண்டு வந்தால் முன்னேற்றம். திங்கட்கிழமையே ஊசி கிடைத்துவிடும்.

“கைய நீட்டுங்க.”

“இன்னைக்குத் தாங்கிடுவேன் டாக்டரம்மா,” என்றாள் தையல்காரி. கடைசி ஊசி போட்டு ஒன்பது வாரம் ஆகியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நீட்டினாள். அக்காவும் தன்னையறியாமல் தன் கைகளை நீட்டினாள். டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்து வாய்விட்டு எண்ணினார். நான்கில் விரல்கள் நடுங்கின. ஏழில் தோள் இறங்கியது. ஒன்பது என்று சொல்லும்போது இரண்டு கைகளும் தொப்பென்று மடியில் விழுந்தன. தையல்காரி அழ ஆரம்பித்தாள்.

“பத்து,” என்றார் டாக்டரம்மா, கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “பதினொண்ணு.”

அக்கா தன் கைகளை இன்னும் இறக்கவில்லை.