வாக்குச் சுத்தமுள்ளவர்

புருஷன் பெயரை நான் சொல்லக் கூடாது. தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்கள் அவருக்கு வைத்த பெயர்களைச் சொன்னால் குற்றமில்லை. தண்ணீர்ப் பீலியில் பெண்கள் அவரை வாய்க்காரர் என்பார்கள். படித்த கணக்கப்பிள்ளைக்கு அவர் நாவலர். ரெங்கப்பக் கங்காணியோ, "உன் பேச்சுல தேன் வடியுதுடா" என்று முதுகில் தட்டுவார். அந்தக் கையை ஒடித்துப் போடலாம் போலிருக்கும் எனக்கு.

தோட்டத்துக்கு ஆள் சேர்க்க என் வீட்டுக்காரரைத்தான் வருஷா வருஷம் கடல் தாண்டித் துறையூர்ப் பக்கம் அனுப்புவார் கங்காணி. பெரகலை மலைக்கு மேலே இந்த லயத்தில் நான் பிணையாகக் கிடப்பேன். "இந்தத் தடவ ஆள் கட்டிட்டு வா. அடுத்த கப்பல்ல ரெண்டு பேரையும் ஊருக்கே அனுப்பிடுறேன்" என்பார். ஆள் வந்ததும் பேச்சு மாறிவிடும். இப்படிப்பட்ட வாயை யார் விடுவார்கள்?

அந்த வருஷம் நான்தான் யோசனை சொன்னேன்.

"உள்ளதச் சொல்லுங்க. குளிரு, அட்டக்கடி, விடியுமுன்னே ஆளெண்ணுற பெரட்டுல நிக்கிறது, எல்லாத்தையும் சொல்லுங்க. ஒருத்தரும் வரமாட்டாங்க. வாய் செத்துப்போச்சுன்னு கங்காணி நம்மள விட்டுருவாரு."

அவர் சிரித்தார். "உள்ளதச் சொன்னா எனக்கு நாக்கு ஒளறுமே புள்ள."

"ஒளறட்டும்."

அவர் திரும்பும் நாள் நெருங்கியதும் சட்டி பானையை மூட்டை கட்டி வைத்துக் காத்திருந்தேன்.

மழைநாள் ஒன்றில் திரும்பி வந்தார். பின்னால் சனம். கைக்குழந்தைகள்கூட இருந்தன. பாதை வளைவு தாண்டியும் வரிசை முடியவில்லை.

எங்கள் ஒற்றை அறைக் காம்பராவிலேயே ஒரு குடும்பத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊர்ல மழையில்ல, கஞ்சியில்லக்கா. தேனும் பாலும் ஓடுதுன்னு சொன்னவங்கள வெரட்டிவிட்டோம். உங்க வீட்டுக்காரரு அட்ட கடிக்கும், அடி விழும்னு மறைக்காமச் சொன்னாரு. சோறு உண்டான்னு கேட்டோம். உண்டுன்னாரு. வாக்குச் சுத்தமான மனுசன், அதுவும் நெசமாத்தான் இருக்கும்னு கெளம்பிட்டோம்."

வாசலில் கங்காணி நின்றார். "இத்தன நாள் உன் தெறம தெரியாமப் போச்சேடா! இனி வருஷத்துக்கு ரெண்டு தடவ போ."

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூட்டையை அவர் காலடியில் போட்டேன்.

"மாடசாமி, நாம எப்ப ஊருக்குப் போறது?"

பெயர் என் வாயிலிருந்து வந்துவிட்டது. புதிதாக வந்தவள் பதறி வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தனை பெயர் வாங்கிய மனிதர் குனிந்து மூட்டையை ஓரமாக நகர்த்தினார்.

அவளுடைய பிள்ளைகள் பசியோடு நின்றன. மூட்டையை நானே அவிழ்த்துக் கஞ்சிப்பானையை எடுத்தேன்.