விட்டைக் கிண்ணமும் சாணிக் கிண்ணமும்

மாரிமழைக்குப் பின் தீவிலுள்ள பேசாலையில் கழுதை விட்டையின் மீதும், பெருநிலத்து நறுவிலிக்குளத்தில் மாட்டுச் சாணியின் மீதும் செம்மஞ்சள் நிறத்தில் முளைக்கும் கிண்ண வடிவப் பங்கசுகள், அதாவது பூஞ்சைகள், ஒரே இனம் என்பது பேராசிரியர் அமிர்தநாயகத்தின் பழைய முடிவு. கொத்தமல்லி விதையளவேயான அவை இரண்டு இனங்கள் என்று நிறுவுவது அவருடைய மாணவி யசிந்தாவின் ஆய்வு. நுணுக்குக்காட்டியில் சாணிக் கிண்ணத்தின் வித்திகள் சொரசொரப்பானவை. விட்டைக் கிண்ணத்தினுடையவை வழுவழுப்பானவை.

"இளம் வித்தி எல்லாம் வழுவழுப்புத்தான், பிள்ளை. முத்தினதைக் கொண்டுவாரும்" என்றார் அவர். பல்கலைக்கழகத்தில் அவளுடைய ஆய்வுப் பதிவுக்காலம் பங்குனியோடு முடிகிறது.

மழை ஓய்ந்த வாரத்தில் ஈரிடத்தும் முற்றியவற்றை, ஒட்டியிருந்த விட்டையோடும் சாணியோடும் இரண்டு பெட்டிகளில் எடுத்துவைத்துவிட்டு அவள் ஞாயிறு பூசைக்குப் போனாள். பின்னேர பஸ்ஸில் யாழ்ப்பாணத்துக்குப் பேராசிரியரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

திரும்பியபோது கணவன் றெனால்ட் மேசையருகே நின்றான். ஏற்றுமதிக் கம்பனிக்கு இறால் தரம்பிரிப்பவன். அவன் கைத்திருத்தம் ஊரறிந்தது.

"என்னப்பா, இப்பிடியே நாறலோட குடுத்தால் சேர் என்ன நினைப்பார்? தட்டித் துடைச்சு, தரம் பிரிச்சு வைச்சிருக்கிறன். இதில பெரிசு, அதில சின்னன்."

"எது எங்கத்தையது?"

"றாலுக்கு ஆரப்பா கடல் கேக்கிறது? அளவுதானே!"

"ஒட்டியிருந்த விட்டை, சாணி?"

"கோழியளுக்குக் கொட்டிட்டன்."

பெட்டிகளைத் திறந்தாள். குறைசொல்ல இயலாத வேலை. ஒரு கிண்ணத்தின் விளிம்பும் கிழியவில்லை. எதிலும் பிறந்த இடத்தின் துகள்கூட ஒட்டியிருக்கவில்லை. விட்டைக் கிண்ணங்களை எடுத்த கோயில்வெளியில் மறுபடி தேடினாள். வெயிலில் விட்டையெல்லாம் காய்ந்து நாராகியிருந்தது.

மறுநாள் நடந்ததைச் சொன்னாள். அமிர்தநாயகம் நுணுக்குக்காட்டியில் நெடுநேரம் குனிந்திருந்தார்.

"முத்தின கிண்ணத்திலயும் வழுவழுப்பு இருக்குத்தான். அது விட்டையில வந்தது எண்டதுக்கு என்ன சாட்சி?"

"நான் எடுத்தனான், சேர்."

"நீர் எடுத்தனீர், மனுசன் கலந்திட்டார். அடுத்த மாரிக்குப் பாப்பம்."

"அதுக்குள்ள பதிவு முடிஞ்சிடும்."

"அப்ப ஒரே இனம், வித்தி மாறுபடும் எண்டு எழுதும். நான் கையெழுத்து வைக்கிறன்."

எழுதினாள். அவருடைய பழைய முடிவுக்குப் புதிய சான்று கிடைத்தது. அதை நிறுவியவர் என்ற இடத்தில் யசிந்தாவின் பெயர் பிழையின்றி அச்சாகியிருந்தது.

"கடைசியில என்னவாம்? ரெண்டோ, ஒண்டோ?" என்று கேட்டான் றெனால்ட்.

"ஒண்டு."

"நல்லதாப் போச்சு. ரெண்டெண்டால் எழுத்துவேலையும் ரெண்டு மடங்கெல்லோ."

"ஓம்" என்றாள் அவள். "சாப்பிட வாங்கோ."