ஜெயித்தவுடன் போட்ட ஹாப்ஸ்

எங்கள் ஊர்ப் பொதுவில் பீர் காய்ச்சும் கொட்டகைக்குக் கொப்பரைச் சாலை என்று பெயர். அங்கே கடிகாரம் கிடையாது. மாட்டிப் பார்க்காமல் இல்லை. முதலில் மாட்டியது நீராவியில் வெந்து, எண்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிட்டன. அடுத்தது நன்றாகவே ஓடியது, ஆனால் பின்னோக்கி. கொப்பரைக்குள் இருந்த சாறு மறுபடியும் பார்லியாகி முளைவிடத் தொடங்கியதும் அதைக் கழற்றிக் கோழிக்கூட்டில் மாட்டினோம். கோழிகள் முட்டைக்குள் திரும்பிப் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லை, அதனால் அதை இங்கே எழுதப்போவதில்லை.

அன்று முதல் நேரத்தைச் சீட்டாட்டத்தால் அளக்கிறோம். முளைகட்டிய பார்லியிலிருந்து எடுத்த மால்ட் சாறு கொதிக்கத் தொடங்கியதும் சீட்டைப் பிரிப்போம். பத்துப் பன்னிரண்டு ஆட்டம் ஓடினால் ஒரு கொதி முடிந்தது என்று கணக்கு.

ஓபர்ஃபால்ஸ் பக்கத்தில், எங்கள் ஊரில், பீர் காய்ச்சும் உரிமை ஆளுக்கு இல்லை, வீட்டுக்குத்தான். உரிமையுள்ள வீடுகள் முறை வைத்து ஊர்க் கொப்பரையில் காய்ச்சி, சாற்றைத் தங்கள் நிலவறைக்குக் கொண்டுபோய் ஈஸ்ட் போடுவார்கள். பீர் பக்குவமானதும் வாசலில் மர நட்சத்திரம் தொங்கும். நட்சத்திரம் தொங்குகிற வீட்டுக்குள் யாரும் போய் உட்காரலாம், காசு கொடுத்துக் குடிக்கலாம். திங்கட்கிழமை விடியும்போது பீப்பாய் காலியாக இருக்க வேண்டும். மிச்சமிருந்தால் அவமானம். அடுத்த முறையும் மிச்சமிருந்தால் அந்த வீட்டின் முறை ஓராண்டுக்குப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

வால்பூர்காவின் வீட்டில் அந்த வசந்தத்தில் பாதிப் பீப்பாய் மிச்சமாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரன் நான். இரண்டு முறை காய்ச்ச என் முதுகு ஒத்துழைக்காது. எனவே என்னை யாரும் நல்லவன் என்று நினைத்துவிட வேண்டாம்.

பழி முழுவதும் விழுந்தது மருமகன் எம்மெராம் தலையில். கூரைக்கு ஓடு வேய்கிறவன், அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து அந்த வீட்டுக்கு வாழ வந்தவன். கணவர் போனபின் வால்பூர்கா அவனிடம் மால்ட்டைக் கொடுத்தாள், நிலவறைச் சாவியைக் கொடுத்தாள், பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற ஹாப்ஸ் பூக்கூம்பு மூட்டையை மட்டும் கொடுக்கவில்லை.

அந்த மூட்டையில்தான் விஷயமே இருந்தது. கசப்புக்கென்று எல்லா வீடுகளும் ஒரே மலிவான ரகத்தைக் கொதியின் தொடக்கத்தில் போடுவோம். அதற்குமேல் வால்பூர்கா வீட்டுச் சுவரில் ஹெர்ஸ்புரூக்கர் என்ற ரகம் படர்ந்திருந்தது. கசப்பு குறைவு, வாசனைதான் அதன் சொத்து: வெட்டிய புல், ஏதோ ஒரு பூ, கொஞ்சம் எலுமிச்சைத் தோல். வால்பூர்கா அதையும் தொடக்கத்திலேயே கொட்டிவிடுவாள். கொதிக்கக் கொதிக்க வாசனை முழுவதும் புகைபோக்கி வழியாக வெளியேறும். உச்சியில் கூடு கட்டியிருந்த நாரை ஜோடி ஒரு குளிர்காலம் ஆப்பிரிக்காவுக்குப் போகவே மறுத்துவிட்டது. கீழே குடிக்கிற எங்களுக்கோ மருந்துக்கடைக் கசப்புதான்.

இலையுதிர் காலத்தில் அவர்கள் முறை மறுபடி வந்தது. கொப்பரைக்காரன் கிலியான் விறகைத் தள்ளினான். சாறு முதல் குமிழி விட்டது. வால்பூர்கா மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

“அத்தே, இந்த ஒரு தடவை கடைசியில போடலாம்” என்றான் எம்மெராம். “அடுப்புலேர்ந்து நெருப்ப வெளிய இழுக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. வாசனை பீர்லயே நிக்கும்.”

“உங்க மாமனாரு நாப்பது வருஷமா முதல் கொதியிலதான் போட்டாரு. பீப்பா காலியாகாம இருந்துச்சா?”

“அப்ப யோப்ஸ்ட் பெரியவர் வீட்டு பீர் அதவிட மோசம் அத்தே. ஜனங்க வேற எங்க போவாங்க?”

யோப்ஸ்ட் நான்தான். “பையன் உண்மையச் சொல்றான்” என்றேன். “எங்க வீட்டு பீர குடிச்ச காக்கா ஈஸ்டர் வரைக்கும் வாயத் தொறக்கல.”

“நீ சும்மா இரு கிழவா. மாப்ளே, இந்தத் தடவையும் மிஞ்சிச்சுன்னா நட்சத்திரம் போயிடும், தெரியுமில்ல?”

“தெரியும். அதுக்குத்தான் கெஞ்சறேன்.”

வால்பூர்கா மூட்டையைத் தட்டினாள். “சரி, சீட்டுல பாத்துக்கலாம். முதல் ஆட்டம். நான் தனியா ஆடறேன், நீங்க மூணு ஆம்பளைங்களும் ஒரு பக்கம். நான் தோத்தா மாப்ள இஷ்டப்பட்டப்ப போடட்டும். ஜெயிச்சா, ஜெயிச்ச அந்த நிமிஷமே மூட்டை கொப்பரைக்குள்ள. அப்புறம் யாரும் வாயத் தொறக்கக் கூடாது.”

எம்மெராமின் முகம் தொங்கிப்போனது. வால்பூர்காவைச் சீட்டில் கடைசியாக ஜெயித்தவர் அவள் கணவர். அதே வாரத்தில் அவர் இறந்துபோனார். அதன்பின் ஊரில் யாரும் பெரிதாக முயற்சி செய்யவில்லை.

கிலியான் சீட்டைப் பிரித்தான். முதல் சீட்டை இறக்க வேண்டியவன் நான். என் கையில் எட்டுச் சீட்டு, எட்டும் உதவாக்கரை. எதைப் போட்டாலும் அவள் வாரிக்கொண்டு போவாள். யோசித்தேன். முதலில் நிஜமாகவே யோசித்தேன் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

எங்கள் சாலையில் இன்னொரு சட்டம் உண்டு. யோசிக்கிறவனை அவசரப்படுத்தக் கூடாது. அவசரப்படுத்தினவர் அந்த ஆட்டத்தில் தோற்றவர். தாத்தாக்கள் காலத்தில் இதற்காக ஒரு கை முறிந்து, அதன்பின் வந்த சட்டம்.

எம்மெராம் கொப்பரையைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான், மறுபடி கொப்பரையைப் பார்த்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சீட்டுகளை விசிறிபோல் விரித்துக்கொண்டு, முழங்கையை மேசையில் வசதியாக ஊன்றினேன்.

சாறு தளதளவென்று கொதித்தது. எம்மெராம் எழுந்துபோய் நுரையை வழித்துவிட்டு வந்து உட்கார்ந்தான். நான் யோசித்தேன். கிலியான் இருமுறை விறகு போட்டான். நான் யோசித்தேன்.

“கிலியான்” என்றாள் வால்பூர்கா, “சில பேரு கண்ணத் தொறந்துகிட்டே தூங்குவாங்களாமே?”

“அக்கா, இது அவசரப்படுத்தறதா, இல்ல சும்மா பேச்சா?”

“சும்மா பேச்சு.”

“அப்ப சரி. எங்க சித்தப்பா அப்படித்தான் தூங்குவாரு.”

என் முழங்கைக்கும் பீர்க் குவளைக்கும் நடுவே ஒரு சிலந்தி வலை பின்னத் தொடங்கியது. கெட்டிக்காரச் சிலந்தி. வலை முடிந்து, முதல் ஈயும் விழுந்து, அது சாப்பிட்டு முடித்து ஓய்வெடுக்கப் போனது. எம்மெராம் காலையில்தான் சவரம் செய்துகொண்டு வந்திருந்தான். இப்போது தாடியை நீவிக்கொண்டிருந்தான். வால்பூர்காவின் வலது கால் மட்டும் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. காலைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை.

கடைசியில் கிலியான் எழுந்து, அளவுக்கோலைக் கொப்பரைக்குள் விட்டுப் பார்த்தான். சாறு வற்றி, கோலில் வெட்டியிருந்த கோட்டுக்கு வந்துவிட்டது.

“ஒரு ஆட்டம்கூட முடியல” என்றான், “ஆனா கொதி முடிஞ்சுபோச்சு. இன்னும் கொஞ்சத்துல நெருப்ப இழுத்துடுவேன்.”

சிலந்தியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வலையை விலக்கி, கையிலிருந்ததிலேயே சின்னச் சீட்டை மேசையில் போட்டேன்.

அதன்பின் எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் நடந்தது. வால்பூர்கா அத்தனையையும் வாரினாள். எங்கள் பக்கம் ஒரு பிடிகூட வரவில்லை.

“ஜெயிச்சுட்டேன்!” என்று மூட்டையோடு எழுந்தவள், கொப்பரைப் படியில் நின்றாள். கொப்பரையைப் பார்த்தாள். மண்வெட்டியோடு அடுப்பருகே காத்திருந்த கிலியானைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்த பார்வையில் என் குவளை பீர் புளித்துவிட்டது.

எம்மெராமுக்கு மனசு கேட்கவில்லை. “அத்தே, உங்களுக்கு வேணாம்னா விட்டுடலாம்...”

“வாய மூடுங்க மாப்ளே. ஜெயிச்ச நிமிஷமே போடறேன்னு நான்தானே சொன்னேன்? சொன்னா சொன்னதுதான்.”

மூட்டையைக் கவிழ்த்தாள். பச்சைக் கூம்புகள் கொதிக்கும் சாற்றில் மிதந்து, ஒருமுறை புரண்டன. சற்று நேரத்தில் கிலியான் நெருப்பை இழுத்தான். சாலை முழுவதும் அறுவடை முடிந்த புல்வெளிபோல் மணத்தது. கூரைமேல் நாரைகள் குழம்பிப்போய் இறங்கிவந்து ஜன்னலைத் தட்டின.

நட்சத்திரம் ஒரு வெள்ளிக்கிழமை ஏறியது. அன்று மாலையே கூடத்தில் உட்கார இடமில்லை. சனிக்கிழமை படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். ஒரு குவளை போதும் என்று எழுந்துபோகிறவர்கள் வாசல்வரை போய், வாசனையை மோப்பம் பிடித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். ஈரல் சாசேஜ் தீர்ந்து, ரொட்டி தீர்ந்து, முள்ளங்கியும் தீர்ந்தது. வால்பூர்கா அடுப்பங்கரையில் நின்றபடியே மூன்றாவது குவளையைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

“எப்படிங்க இருக்கு அத்தே?” என்றான் எம்மெராம்.

“பூ நாத்தம் அடிக்குது” என்று சொல்லிவிட்டுக் குவளையை மறுபடி நீட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே குழாய் உஸ்ஸென்று மூச்சு விட்டது. எம்மெராம் பீப்பாயைச் சாய்த்தான், இன்னொரு பக்கம் சாய்த்தான், குழாய்க்கு அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். ஒரு சொட்டுகூட இல்லை. அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்தான். ஏணி வைத்து நட்சத்திரத்தை இறக்கினது அவன்தான். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டது வால்பூர்கா.

“என்னம்மா பண்ணீங்க இந்தத் தடவை?” என்று தாகத்தோடு திரும்பிப் போனவர்கள் கேட்டார்கள்.

“என்ன பண்ணேன்? சீட்டுல ஜெயிச்சேன்” என்றாள்.

மறுநாள் நிலவறையில் எம்மெராம் பீப்பாயைக் கழுவிக்கொண்டிருந்தான். உதவிக்கென்று போய் நான் உட்கார்ந்திருந்தேன். வால்பூர்கா படியிறங்கி வந்து, கழுவி மடித்த ஹாப்ஸ் சாக்கை அவன் தோள்மேல் போட்டாள்.

“அடுத்த தடவை நீங்களே போடுங்க மாப்ளே. ஆனா எப்பப் போடறதுன்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க. கேட்டா பழையபடியே சொல்லிப்புடுவேன்.”