தம்பி வந்த சனிக்கிழமை

எங்கள் ஏரிக்கரைப் பூங்காவில், அமெரிக்காவில் வெள்ளைக்காரர்கள் வந்து குடியேறிய காலத்து மரக்கோட்டை ஒன்று உண்டு. கோடை வந்தால் சனி, ஞாயிறுகளில் நாங்கள் சிலர் பழைய உடையை மாட்டிக்கொண்டு, அந்தக் காலத்து ஜனங்களாக அங்கே வாழ்ந்து காட்டுவோம். வேஷத்தில் இருக்கும்வரை எங்களுக்கு 1838தான் நடக்கிறது. யார் எதைக் கேட்டாலும் அந்தக் காலத்து ஆளாகத்தான் பதில் சொல்ல வேண்டும். கொல்லனாக வரும் டெல்பர்ட் இதில் ரொம்பக் கறார். போன வாரம் ஒரு சின்னப் பெண் வைஃபை கேட்டதற்கு, "அது எந்தக் காட்டு மிருகம்மா? சுட்டுத் தின்னலாமா?" என்றார்.

அன்று நான் அடுப்பில் சோள அடை போட்டுக்கொண்டிருந்தேன். கூட்டத்தோடு கூட்டமாக என் தம்பி ஆரின் உள்ளே வந்தான். அலாஸ்காவுக்குப் போனவன், அம்மா சாவுக்கும் வரவில்லை. அப்புறம் பல வருஷமாக ஒரு போன்கூட இல்லை. வேஷத்தில் மட்டும் இல்லையென்றால் அங்கேயே நறுக்கென்று நாலு கேள்வி கேட்டிருப்பேன். அது தெரிந்துதான் இந்த நேரம் பார்த்து வந்திருப்பான்.

"ஏம்மா, உங்களுக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் இல்லையா?" என்றான், முன்பின் தெரியாதவன் மாதிரி.

சரி, நீயா நானா பார்த்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஒரு தம்பி இருந்தான். மேற்கே போனான். எங்கம்மா போனப்ப ஆள் அனுப்பினேன், வரல."

"வழியில ஆத்துல வெள்ளமோ என்னவோ."

"வெள்ளமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. திமிரு!"

கூட்டம் சிரித்தது. நல்ல நாடகம் என்று யாரோ படம்கூடப் பிடித்தார்கள்.

"திமிரு இல்லம்மா, பயம்," என்றான். "அம்மாவைப் பெட்டிக்குள்ள பாக்கத் தெம்பில்லாம, பாதி வழி வந்துட்டுத் திரும்பிப் போயிருப்பான்."

பாதி வழி வந்தானா? இது எனக்குத் தெரியாது. அடையைத் திருப்பிப் போட்டேன்.

முன்னால் நின்ற ஒரு பெண், "அவரு இப்போ வந்து நின்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"முதல்ல நல்லாத் திட்டுவேன். அப்புறம் சாப்பிடச் சொல்லுவேன்."

எல்லோரும் கைதட்டிவிட்டுக் கொல்லன் பட்டறைப் பக்கம் போனார்கள். ஆரின் மட்டும் நகரவில்லை.

"திட்டுக்கா," என்றான்.

இத்தனை வருஷமாகச் சேர்த்துவைத்த திட்டில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"அம்மா கல்லறைக்குப் போலாமாடா?" என்றுதான் கேட்க முடிந்தது.