டில்லியின் வயிற்றில் இருந்தவை

மார்ச் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை ஏழேகாலுக்கு, டார்லிஸ் குவாம்மியின் பூனையுடைய வயிற்றுக்குள்ளிருந்து ஒரு கோழி கத்தியது. மினசோட்டாவில் அந்த வாரம் பனி உருகத் தொடங்கவில்லை, ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. பள்ளிப் பேருந்து ஓட்டக் கிளம்பிக்கொண்டிருந்த டார்லிஸ், ஒரு காலில் மட்டும் பூட்ஸை மாட்டியபடி நின்று கேட்டாள். முட்டையிட்ட கோழியின் கொக்கரிப்பு அல்ல அது. கழுத்தில் கை விழுந்த கோழியின் அலறல். பூனை டில்லி தன் விலாவைத் திரும்பிப் பார்த்தது. பிறகு அந்த விலாவிடமிருந்தே தப்பிப்பதுபோல் ஓடிக் குளியல் தொட்டிக்குள் பதுங்கிக்கொண்டது.

ஒன்பது ஆண்டுகளாக டில்லி டப்பாவில் வரும் கோழிக்கறியைத்தான் தின்றுவந்தது. இரண்டு மாதமாக எதைத் தின்றாலும் வாந்தி, ரத்தம் கலந்த பேதி. பதினொரு பவுண்டு உடம்பு எட்டாகியிருந்தது. டார்லிஸ் மாட்டுக்கறிக்கு மாற்றினாள். மூன்றாம் நாள் வயிற்றுக்குள் குளம்புகள் ஓடின. அலமாரியிலிருந்து நான்கு தட்டுகள் விழுந்து உடைந்தன. ஊருக்குள் மாடு வளர்க்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தார். நகராட்சி ஊழியர் வந்து, பூனையின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டு, மாடு வயிற்றுக்குள்ளே இருப்பதற்குத் தடையில்லை என்று எழுதிவிட்டுப் போனார். மீனுக்கு மாற்றியதும் சத்தம் நின்றது. ஆனால் கடலுக்கு ஆயிரம் மைல் தள்ளியிருக்கும் அந்த வீட்டின் நிலவறையில் கணுக்கால் அளவு உப்புத்தண்ணீர் ஏறியது. பேதி நிற்கவில்லை, எடை ஆறரைக்கு இறங்கியது.

"அப்பாவோட பண்ணையை வித்தப்போ இனிமே மாட்டுத் தொல்லை விட்டுதுன்னு நினைச்சேன்," என்றான் அவள் கணவன் வெண்டல்.

"நீ சும்மா இரு. அது தன் வயித்தைப் பாத்தே நடுங்குது. உனக்கு விளையாட்டா இருக்கு."

கால்நடை மருத்துவர் ஸ்ட்ராண்ட் அம்மையார் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு, 'கோழி ஒன்று, மாடுகள் சில' என்று குறித்துக்கொண்டார்.

"குடல் வீங்கியிருக்கு டார்லிஸ். வருஷக்கணக்கா தின்ன கறியையே இப்ப பகையாளியா பாக்குது. அது இதுவரைக்கும் கண்டேயிராத கறியா குடுக்கணும். முயல். எட்டு வாரம். வேற ஒரு துணுக்கு வாயில படக்கூடாது."

"அந்தச் சத்தமெல்லாம்?"

"சத்தம் கிடக்கட்டும். எடைதான் எனக்குப் பயம். ஆறு பவுண்டுக்குக் கீழ போச்சுன்னா என் கையில ஒண்ணுமில்ல."

முயல் கறியில் வயிறு அமைதியானது. நிலவறைத் தண்ணீர் வடிந்தது. ஐந்தாவது வாரம், தட்டில் மிஞ்சிய கோழித்தோலை வெண்டல் இரக்கப்பட்டு ஒரு விரல் அளவு போட்டான். ஒரு மணி நேரத்தில் டில்லியின் வயிற்றிலிருந்து ஒரு கோழியல்ல, ஒரு கொட்டகைக் கோழிகள் அத்தனையும் அலறின. தரையெல்லாம் ரத்தம். தராசு முள் ஐந்தே முக்காலில் நின்றது. டார்லிஸ் பூனையைத் தன் கோட்டுக்குள் வைத்துப் பொத்திக்கொண்டு இரண்டு நாள் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். அலறல் ஒவ்வொன்றும் அவள் விலா எலும்பில் அதிர்ந்தது. எதிரே சுவரில் சாய்ந்திருந்த வெண்டல் ஒருமுறை மட்டும் பேசினான்.

"பாவமா பாத்துச்சு, அதான்."

"தெரியும்."

மூன்றாம் நாள் காலை கடைசிக் கோழியும் ஓய்ந்தது. டில்லி ஒரு கரண்டி முயல் தின்றது. எட்டு வாரத்தை முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள்.

நவம்பரில் முதல் பனி விழுந்தபோது பின்வாசல் படியில் முயல் தடங்கள் தெரிந்தன. மூடிய கதவின் அடியில் தொடங்கி வெளியே போயின. உள்ளே வந்த தடம் ஒன்றுகூட இல்லை. மறுநாளும் இருந்தன, அதற்கு அடுத்த நாளும். டார்லிஸ் அவற்றின் பின்னால் நடந்தாள். பீட்ரூட் வயலின் ஓரத்தில் அவை பிரிந்து தனித்தனி வளைகளுக்குள் இறங்கியிருந்தன. திரும்பி வந்தபோது டில்லி வெயிலில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. தூக்கி எடை போட்டாள். ஒன்பது பவுண்டு.

அதன்பிறகு காலைகளில் அவள் பின்கதவை ஒரு முயல் போகும் அளவுக்குத் திறந்து வைத்தாள்.

"குளிர் உள்ள வருது," என்றான் வெண்டல்.

"ஸ்வெட்டர் போட்டுக்கோ."

அவன் போட்டுக்கொண்டான்.