அடுத்த ஞாயிற்றுக்கு ஒரு வேலை

மகளுக்குப் பதினெட்டு வயது முடிந்தது. ஞாயிறுதோறும் அப்பா வந்து பார்க்கலாம் என்ற கோர்ட் உத்தரவும் அத்தோடு முடிந்தது. இனி அவளாகக் கூப்பிட்டால்தான் உண்டு. மாதக்கணக்கில் போனையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஒருநாள் செய்தி வந்தது: “அப்பா, கம்ப்யூட்டருக்குள்ள கலர் லைட் வைக்கணும். வர்றீங்களா?”

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவருக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் இருப்பதிலேயே மலிவான எல்இடி பட்டை இரண்டு வாங்கிக்கொண்டு, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, ஞாயிறு காலையிலேயே போய் நின்றார்.

மகள் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கக் கண்ணாடியைக் கழற்றி மெத்தைமேல் வைத்தாள்.

“பாத்துப்பா. அது ஃபேன்.”

“தெரியும்.”

“இது என்ன, சொல்லுங்க?”

“அதுவும் ஃபேன்தான்.”

“அது ராம், மெமரி. சுத்தவே சுத்தாது.” அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அவர் இன்னும் பத்துப் பொருளைத் தப்பாகச் சொல்லியிருப்பார்.

வாசலில் அவளுடைய அம்மா எட்டிப் பார்த்தாள். “ஒரு லைட் ஒட்ட ரெண்டு பேரா?” அந்தக் குரலில் இப்போது அவர்மேல் கோபம்கூட இல்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல இருந்தது.

மேல் விளிம்பில் முதல் பட்டையை அவர் ஒட்ட, அவள் வயரைச் சொருகினாள். பெட்டிக்குள் நீலம் பரவியது. மகளின் முகத்திலும் பரவியது. அவரோ மெத்தைமேல் கிடந்த இரண்டாவது பட்டையைப் பார்த்தார். பாதி வேலை அதற்குள் முடிந்துவிட்டதே. இன்னொன்றையும் ஒட்டிவிட்டால் எதைச் சொல்லிக்கொண்டு இங்கே வருவது?

கடையிலிருந்து கொண்டுவந்த மெல்லிய துணியால் பக்கக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

“இன்னொண்ணு ஒட்டலையாப்பா?”

“கீழ்ப் பக்கம் பசை பிடிக்கலம்மா. நல்ல டேப்பா வேணும். அடுத்த ஞாயிறு வாங்கிட்டு வர்றேன்.” சட்டைப் பையில் டேப் இருந்தது. கையால் அதைப் பொத்திக்கொண்டே சொன்னார்.

“சரிப்பா,” என்றாள்.

அந்த ஒரு சொல்லோடு படி இறங்கினார். கால் தரையில் பாவவில்லை. அடுத்த வாரம் எந்தச் சட்டை என்றுகூட யோசித்தாயிற்று.

பஸ் நிறுத்தத்தில் போன் அதிர்ந்தது. ஒரு படம். பெட்டிக்குள் மேலும் கீழும் விளக்கு எரிந்தது. கீழே எழுதியிருந்தாள்: “அம்மாகிட்டயே டேப் இருந்துச்சுப்பா. ஒட்டிட்டேன். இதுக்காக ரெண்டு பஸ் மாறி நீங்க அலைய வேணாம். பாவம் நீங்க.”

அவர் படத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்கினார். எங்காவது கோணலாக ஒட்டியிருப்பாள், எங்காவது வயர் தொங்கும், வந்து சரிசெய்கிறேன் என்று சொல்லலாம். மூலை மூலையாகத் தேடினார். பஸ் வந்தது, நின்றது, போனது.

அவள் ஒட்டியது நூல் பிடித்ததுபோல நேராக இருந்தது. மேலே அவர் ஒட்டியதுதான் சற்றுக் கோணியிருந்தது.